சங்கிலியன் காலத்து யாழ்ப்பாணக் கறியில் மிளகாய் இல்லை: எது எங்கிருந்து வந்தது?

வரலாற்று ரீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் பள்ளிக்கூடத்தில் அடுத்த மாதம் கண்காட்சி. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தங்களுக்கென்று ஒரு மேசை கேட்டு வாங்கியிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் கிடைக்கும் காய், கிழங்கு, பழம் எல்லாவற்றையும் அடுக்கி, எது எந்தக் கண்டத்தில் பிறந்தது, எப்படிக் கடல் கடந்து யாழ்ப்பாணம் வந்தது என்று காட்டப் போகிறார்கள்.

ஆண்டுகளில் பிரச்சினை இல்லை. 1492 இல் கொலம்பஸ் கரீபியன் தீவுகளை அடைந்தது, 1498 இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது, 1505 இல் போர்த்துக்கேயர் இலங்கையில் கால் வைத்தது, 1619 இல் சங்கிலியனின் நல்லூர் அரசு வீழ்ந்தது என்று எல்லாம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஆனால் 1619 க்கு முன்னர் இங்கே ஒரு வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று கேட்டால், இன்றைக்குச் சாப்பிடுவதையே சொல்கிறார்கள். செத்தல் மிளகாய் இல்லாத யாழ்ப்பாணத்தை அவர்களால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. மேசைக்கு அவர்கள் எழுதி வந்த தலைப்பு "போர்த்துக்கேயர் எங்களுக்குத் தந்தவை". எனக்கு அது சரியாகப் படவில்லை. ஏன் என்று பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கடலோடி (ரொறன்ரோ)

ரீச்சர், நல்ல வேலை. முதலில் அமெரிக்கக் கண்டங்களில் பிறந்தவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். மிளகாய், கறிமிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, மரவள்ளி, வத்தாளங்கிழங்கு (சர்க்கரைவள்ளி), சோளன் (மக்காச்சோளம்), போஞ்சி, கச்சான் (நிலக்கடலை), பப்பாசி, கொய்யா, அன்னாசி, அன்னமுன்னா, மரமுந்திரிகை, புகையிலை. பூசணியில் கவனம் வேண்டும். கறிக்கு எடுக்கும் மஞ்சள் பூசணி அமெரிக்காவினது. நீற்றுப்பூசணி ஆசியாவினது, அது இங்கே பழையது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பார்க்க வருகிறவர்கள் நின்று கேட்பார்கள்.

வந்த பாதை ஒன்றல்ல, இரண்டு. லிஸ்பனிலிருந்து இந்தியாவுக்கு வந்த கப்பல்கள் காற்றைப் பிடிப்பதற்காக அத்திலாந்திக்கில் மேற்கே வளைந்து பிரேசில் பக்கமாக இறங்கி, பிறகு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கோவாவுக்கு வந்தன. 1500 இல் கப்ரால் பிரேசில் கரையைத் தொட்டது அந்த வளைவில்தான். மற்றது பசிபிக் வழி. 1565 தொடக்கம் 1815 வரை ஸ்பானியக் கப்பல்கள் மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் இடையே ஓடின. மெக்சிகோப் பயிர்கள் பல அந்த வழியில் கிழக்காசியாவுக்குள் நுழைந்தன. ஆகவே ஒரு பயிருக்கு ஒரு கப்பல், ஒரு நாள் என்று பிள்ளைகள் எழுத வேண்டாம். ஒரே பயிர் பல தடவை, பல துறைமுகங்களால் வந்திருக்கும். கோவாவில் இறங்கிய விதை மன்னாருக்கும் நாகபட்டினத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் எங்கள் கரையோர வணிகர்களின் தோணிகளிலும் வந்திருக்கும்.

அம்மம்மா சமையல்

மகள், மிளகாய் வருவதற்கு முந்திய சமையலை ஏட்டில் தேட வேண்டாம். யாழ்ப்பாணத்தில் அது இன்றைக்கும் அடுப்பில் இருக்கிறது. பிள்ளைப்பெற்ற வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

பிள்ளை பிறந்து துடக்குக் கழியும் வரைக்கும், அதற்குப் பிறகும் கொஞ்சக் காலம், தாய்க்கு மிளகாய் கொடுக்க மாட்டோம். சரக்கு அரைத்துத்தான் கறி. மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு, திப்பிலி, உள்ளி. அம்மியில் பட்டுப்போல அரைத்து, பால்சுறா கிடைத்தால் அதில், இல்லாவிட்டால் சின்ன மீனிலோ பிஞ்சு முருங்கைக்காயிலோ கத்தரிப் பிஞ்சிலோ வைப்போம். புளி மட்டுமட்டாக. அந்தக் கறியின் உறைப்பு நாக்கில் சுடாது, தொண்டையில் இறங்கி நெஞ்சுக்குள் சூடாக நிற்கும்.

நான் படித்தது குறைவு. ஆனால் இந்தச் சரக்குகளில் ஒன்றும் கொலம்பஸ் போன பக்கத்துச் சாமான் இல்லை என்று பேரன் சொல்லித் தெரியும். உடம்பு நொந்த நேரத்தில் பழைய சாப்பாட்டுக்குத்தான் போகிறோம். மிளகாய் புதிதாக வந்தபோது எங்கள் மூத்த பெண்கள் அதைப் பிள்ளைப்பெற்றவளுக்கு நம்பிக் கொடுக்கவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

தஞ்சாவூர் மீனா

அம்மா, நீங்கள் சொன்னது எங்கள் பக்கமும் அப்படியே இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில். சிராத்தத்தன்று எங்கள் வீட்டில் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு எதுவும் உள்ளே வராது. மிளகும் சீரகமும்தான் காரம். வாழைக்காய், புடலங்காய், பாகற்காய் இப்படித்தான் காய். பூரி ஜகந்நாதர் கோயில் மடைப்பள்ளியிலும் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு சேர்ப்பதில்லை. முன்னோருக்கும் கடவுளுக்கும் படைக்கும்போது அவர்களுக்குப் பழக்கமான சாப்பாட்டையே படைத்திருக்கிறார்கள். ரீச்சர், இதையும் மேசையில் ஒரு மூலையில் வைக்கலாம்.

கடலோடி

எழுத்தில் சான்று கேட்டால் ஒன்று சொல்கிறேன். இப்னு பதூதா 1344 இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தவர். அவர் அதற்கு முன் மேற்குக் கரையில் ஹொன்னாவரில் சாப்பிட்டதை எழுதி வைத்திருக்கிறார். சோறு, நெய், அப்புறம் ஊறுகாயாகப் போட்ட பச்சை மிளகுக் கொத்து, இஞ்சி, எலுமிச்சை, மாங்காய். உறைப்புக்கு ஆசைப்பட்ட நாக்கு முன்பே இருந்தது. மிளகாய் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஏன் அவ்வளவு விரைவாக உட்கார்ந்தது? மிளகுக்கொடிக்கு மழையும் நிழலும் ஈரமும் வேண்டும். யாழ்ப்பாணத்தில் அது வராது, காசு கொடுத்து வாங்க வேண்டும். மிளகாய் விதையைக் கொல்லைக்குள் தூவினால் சில மாதத்தில் காய் பறிக்கலாம், காயவைத்தால் ஆண்டு முழுவதும் இருக்கும். ஏழை வீட்டுக்கும் உறைப்பு கிடைத்தது.

சிற்பி77

எல்லாரும் 1492 ஐ ஒரு கோடாகப் போட்டுக்கொண்டு பேசுகிறீர்கள். கர்நாடகத்தில் சோமநாதபுரம் கேசவர் கோயில் 13 ஆம் நூற்றாண்டில் கட்டியது. அங்கே சிற்பங்களின் கையில் இருப்பது சோளக்கதிர் என்று அமெரிக்க ஆய்வாளர் ஒருவரே எழுதியிருக்கிறார். மணி வரிசையைப் பார்த்தால் அப்படியே இருக்கிறது. நம் கடலோடிகள் முன்பே அங்கே போய் வந்திருக்க முடியாதா? சோழர் கப்பற்படை கடாரம் வரை போன இனம் நாங்கள். இதைப் பிள்ளைகளுக்கு மறைக்க வேண்டியதில்லை.

பயிரியல் மாணவன் (கிளிநொச்சி)

சிற்பி அண்ணை, மறைக்க வேண்டாம், சொல்லலாம். ஆனால் இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். அந்தச் சிற்பத்தில் இருப்பது முத்துகள் பதித்த கற்பனைக் கனி என்றும், மாதுளை என்றும் சொல்கிற அறிஞர்கள் இருக்கிறார்கள். சோளன் மெக்சிகோவின் பல்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் தியோசின்தே என்ற காட்டுப் புல்லிலிருந்து சுமார் 9000 ஆண்டுகளுக்கு முன்னர் மனிதர்கள் தெரிந்தெடுத்து உருவாக்கிய பயிர். அந்தக் கதிர் தானாக உதிராது, மனிதர் விதைக்காவிட்டால் அடுத்த தலைமுறையே இல்லை. அப்படிப்பட்ட பயிர் 13 ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவில் விளைந்திருந்தால், மண்ணுக்குள் கருகிய மணி கிடைக்க வேண்டும், கல்வெட்டில் வரி விதித்திருக்க வேண்டும், பாட்டில் பெயர் வந்திருக்க வேண்டும். நெல்லுக்கும் தினைக்கும் வரகுக்கும் இவையெல்லாம் இருக்கின்றன.

கொலம்பஸுக்கு முன்னரே கடல் கடந்த பயிர் இல்லாமல் இல்லை. வத்தாளங்கிழங்கு தென்னமெரிக்காவினது. அதன் கருகிய எச்சம் பசிபிக் நடுவே குக் தீவுகளின் மங்காயாவில், சுமார் ஆயிரம் ஆண்டுப் பழைமையான அடுக்கில் கிடைத்திருக்கிறது. பொலினீசியக் கடலோடிகள் தென்னமெரிக்காவுக்குப் போய் எடுத்து வந்தார்கள் என்பதுதான் பலர் ஏற்கிற விளக்கம். அங்கே கிழங்கே கையில் கிடைத்தது. சிற்பத்தின் வடிவத்தை மட்டும் வைத்து அந்த அளவுக்குப் போக முடியாது என்பது என் கருத்து.

சிற்பி77

தம்பி சொன்ன கருகிய மணிக் கணக்கு நியாயமானது. ஆனாலும் தோண்டாத இடம் இன்னும் நிறைய இருக்கிறது. அந்தக் கேள்வியை நான் திறந்தே வைத்திருக்கிறேன்.

வலிகாமத் தோட்டக்காரர்

பிள்ளை, நீங்கள் சாப்பாட்டு மேசை வைக்கிறீர்கள், சரி. ஆனால் யாழ்ப்பாணத்தை மாற்றிய அமெரிக்கப் பயிர் சாப்பாடு இல்லை, புகையிலை. அதை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல ஏலாது.

ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். அவர்கள் காலத்திலும் பிறகு பிரித்தானியர் காலத்திலும் இங்கத்தைப் புகையிலை திருவிதாங்கூருக்குப் போனது. வெற்றிலையோடு போட்டு மெல்லுகிற புகையிலை. தோணி தோணியாகப் போய்க் காசாகத் திரும்பி வந்தது. அந்தக் காசில்தான் எத்தனையோ கல்வீடு எழும்பியது, பிள்ளைகள் படித்தார்கள், கோயில்களுக்குத் திருப்பணி நடந்தது. அதோடு அந்தப் பயிருக்காகப் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். எங்களுக்கு ஆறு இல்லை. செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல், அதற்குள் கிணறு. துலாவில் ஒருவர் ஏறி மிதிக்க, கீழே ஒருவர் பட்டையைப் பிடிக்க, வாய்க்காலில் ஒருவர் தண்ணீர் மாற. விடியப்புறம் தொடங்கினால் வெயில் ஏறும் வரை இறைப்பு. பூவரசங்குழை வெட்டித் தாட்டு, மாட்டெருப் போட்டு, ஆட்டுப்பட்டி அடைத்து அந்த மண்ணைப் பழக்கினார்கள். இலை முறித்துக் குடிலில் கட்டிப் பொச்சுமட்டைப் புகை போட்டுப் பதப்படுத்தினார்கள்.

அந்தப் பழக்கிய மண்ணில்தான் பிறகு மிளகாயும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் வந்தன. 1970 இலிருந்து 1977 வரை அரசாங்கம் வெளிநாட்டு மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. அந்தக் காலத்தில் படித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்த பெடியள் தோட்டத்துக்குள் இறங்கினார்கள், வன்னிப் பக்கம் காணி வெட்டினார்கள். செத்தல் மிளகாய் விற்ற காசில் மோட்டார் சைக்கிள் வாங்கினவர்களை எனக்குத் தெரியும். 1977 க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிட விலை விழுந்தது. நான் அந்த விலை விழுந்ததைப் பார்த்தவன், அது இப்பவும் மனதில் இருக்கிறது.

புகையிலை நோய் தருகிற சாமான் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மேசையில் ஒரு இலை வையுங்கள்.

வரலாற்று ரீச்சர்

ஐயா, வைக்கிறோம். துலா மாதிரி ஒன்றும் பிள்ளைகளைச் செய்யச் சொல்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு தலைப்பு ஏன் உறுத்தியது என்பது எனக்கே தெளிவாகிக்கொண்டு வருகிறது. விதை மட்டும் வந்தால் போதாது, இங்கே ஒருவர் இறைக்க வேண்டும்.

மரவள்ளி பற்றி யாராவது எழுதுங்கள். அது போர்த்துக்கேயர் காலமா, ஒல்லாந்தர் காலமா?

பயிரியல் மாணவன்

இலங்கைக்கு மரவள்ளி வந்தது ஒல்லாந்தர் ஆட்சியின் கடைசிப் பகுதியில், 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில். ஆளுநர் வான் டி கிராஃப் காலத்தில் மொரீசியஸிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லப்படுகிறது. பிறந்த இடம் அமேசான் காட்டின் தென்விளிம்பு. அங்கிருந்து ஆபிரிக்கா, பிறகு இந்து சமுத்திரத் தீவுகள், பிறகு நாங்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி கிழங்கின் நஞ்சு. மரவள்ளியை வெட்டினாலோ அரைத்தாலோ சயனைட் வெளிப்படும். கைப்பு இனங்களில் அது ஆளைக் கொல்லும் அளவுக்கு இருக்கும். அமேசான் மக்கள் அதைத் துருவி, நீண்ட பின்னல் குழாய்க்குள் அடைத்துப் பிழிந்து, சாற்றை நீக்கி, வறுத்துச் சாப்பிடும் முறையைக் கண்டுபிடித்தார்கள். இதைப் பாடசாலைப் புத்தகத்தில் ஒருவரும் அறிவியல் என்று எழுதுவதில்லை. என்னைப் பொறுத்தவரை அது அறிவியல்தான். நாங்கள் சாப்பிடுவது நஞ்சு குறைந்த இனிப்பு இனங்கள். அதையும் மூடாமல் அவித்துத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும் என்று வீட்டில் சொல்வது அந்த அறிவின் தொடர்ச்சி.

1942 இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் இலங்கைக்கு வந்த பர்மா அரிசி நின்றுவிட்டது. அப்போது மரவள்ளி பல வீடுகளின் சோறாக மாறியது.

முள்முருக்கு

1990 களில் பொருளாதாரத் தடை இருந்த நாட்களில் எங்களையும் அதுதான் காப்பாற்றியது. மாவும் சீனியும் வராத காலம். காலையில் அவித்த மரவள்ளியும் பச்சை மிளகாய்ச் சம்பலும். இரண்டுமே அமெரிக்காவிலிருந்து வந்தவை என்று இன்றைக்குத்தான் சேர்த்துப் பார்க்கிறேன். வேலியோரத்தில் தடி நட்டுவிட்டால் மழை குறைந்தாலும் கிழங்கு வைக்கும். எங்கள் அம்மா அந்தத் தடிகளை அயல் வீடுகளுக்கெல்லாம் முறித்துக் கொடுத்தவர்.

நெடுந்தீவான்

மிருகங்களை ஒருவரும் தொடவில்லையே. எங்கள் தீவுக் குதிரைகளைப் பற்றி எழுதுகிறேன்.

நெடுந்தீவில் காட்டுக் குதிரைகள் கூட்டமாகத் திரிகின்றன. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் கொண்டுவந்து வளர்த்தவற்றின் வழித்தோன்றல்கள். ஒல்லாந்தர் இங்கே குதிரை வளர்த்தார்கள், லாயத்தின் தூண்கள் இன்றும் நிற்கின்றன. தீவுக்கு டெல்ஃப்ட் என்று தங்கள் ஊர்ப் பெயரை வைத்தவர்களும் அவர்கள்தான். 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற பிரித்தானிய அதிகாரி அந்த வளர்ப்பைத் தொடர்ந்தார். பிறகு தேவை இல்லாமல் போனதும் குதிரைகளை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். தீவைச் சுற்றிக் கடல் இருப்பதால் வேலி தேவையில்லை, களவு போகாது. அதனால்தான் இந்த இடத்தைத் தெரிந்தெடுத்தார்கள்.

ஆனால் குதிரை எங்களுக்குப் புதிய மிருகம் இல்லை. கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை சொல்கிறது. அதே இடத்தில் ஈழத்து உணவு வந்து இறங்கியதையும் சொல்கிறது. பாண்டியர் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கியதை மார்க்கோ போலோ எழுதினார். வளர்க்கத் தெரியாமல் அவை செத்துப்போவதையும் எழுதினார்.

சுற்றுலாக்காரர் வந்து படம் எடுக்கிறார்கள். கோடையில் தண்ணீர் இல்லாமல் குதிரைகள் மடிகிறபோது தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் எங்கள் ஊர்ச் சனம். மனிதருக்கே நல்ல தண்ணீர் தட்டுப்பாடான தீவு இது. ரீச்சர், குதிரைப் படம் வைத்தால் இதையும் ஒரு வரி எழுதுங்கள்.

பெருக்கமரம்

மன்னாரிலிருந்து எழுதுகிறேன். பள்ளிமுனையில் இருக்கிற பெருக்கமரத்தையும் (பாவோபாப்) நெடுந்தீவில் இருக்கிற பெருக்கமரத்தையும் சேருங்கள். பிறப்பிடம் ஆபிரிக்கா. ஐரோப்பியக் கப்பலில் வந்ததல்ல, அரபு வணிகர்கள் கொண்டுவந்ததாகவே எங்கள் பக்கம் சொல்வார்கள். மன்னார்த் தெருக்களில் திரியும் கழுதைகளும் அவர்கள் வழி வந்தவைதான் என்பார்கள். புளியமரமும் ஆபிரிக்காவினது, ஆனால் அது இங்கே வந்து எத்தனையோ நூற்றாண்டு. ஐரோப்பியர் வருமுன் இந்து சமுத்திரம் வெறுமனே கிடக்கவில்லை என்பது மேசையில் தெரிய வேண்டும்.

கடலோடி

மிக முக்கியம், பெருக்கமரம். நன்றி.

நெடுந்தீவான் அண்ணைக்கு ஒரு சேர்க்கை. குதிரையினம் முதலில் தோன்றியதே வட அமெரிக்காவில்தான். அங்கே சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்னர் அழிந்துபோனது. 1493 இல் கொலம்பஸ் 17 கப்பல்களோடு இரண்டாம் முறை போனபோது குதிரை, மாடு, பன்றி, ஆடு, கரும்பு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார். குதிரை தன் பிறந்த கண்டத்துக்கு அப்படித் திரும்பியது.

அந்தக் கப்பல்களில் கண்ணுக்குத் தெரியாமல் போனவைதான் பேரழிவு செய்தன. பெரியம்மை, சின்னமுத்து. 1520 இல் பெரியம்மை மெக்சிகோவின் தலைநகரான தெனோச்தித்லானுக்குள் புகுந்தது. ஐரோப்பியர் வந்த முதல் ஒன்றரை நூற்றாண்டுக்குள் அமெரிக்கக் கண்டங்களின் பூர்வீக மக்களில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்துபோனதாகப் பல ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். மிளகாயைப் பயிராக்கியவர்கள், மரவள்ளியின் நஞ்சை நீக்கியவர்கள், அவர்கள்தான் செத்தார்கள்.

பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று ஆபிரிக்காவிலிருந்து ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் பேரைக் கப்பலேற்றினார்கள். கரும்பைப் பிழிந்து சர்க்கரைக் கட்டியாக்கும் முறை இந்தியாவில் வளர்ந்தது. அது அரபு வணிகர், மத்தியதரைக் கடல், மதீரா, பிரேசில் என்று போய் இப்படி ஒரு கொடுமைக்கு எரிபொருளானது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இதைத் தாங்குவார்கள். தாங்க வேண்டும்.

மொரீசியஸில் டோடோ என்ற பறக்காத பறவை ஒல்லாந்தர் 1598 இல் இறங்கி ஒரு நூற்றாண்டுக்குள் இல்லாமல் போனது. கப்பலில் வந்த பன்றியும் எலியும் குரங்கும் அதன் முட்டைகளைத் தின்றன. மரவள்ளி எங்களுக்கு வந்த அதே தீவுதான்.

தஞ்சாவூர் மீனா

இங்கிருந்து போனவற்றையும் எழுத வேண்டாமா? மாம்பழத்தையும் பலாவையும் போர்த்துக்கேயர் பிரேசிலுக்குக் கொண்டுபோனார்கள். ரியோ நகரத்துப் பக்கத்துத் திஜூக்கா காட்டில் இன்று பலா தானாகப் பரவி, அங்கத்து மரங்களை நெருக்குகிறதாம். தென்னை பற்றி 2011 இல் வந்த மரபணு ஆய்வு ஒன்று, அத்திலாந்திக் கரைத் தென்னைகள் இந்து சமுத்திரத் தென்னை இனத்தைச் சேர்ந்தவை என்று காட்டியது. அதுவும் போர்த்துக்கேயக் கப்பல் வேலை. நெல்லூர் மாடு பிரேசிலுக்குப் போய் இன்று அங்கே இறைச்சி மாடுகளில் பெரும்பங்கு அதன் வழி வந்தவை.

பயிரியல் மாணவன்

பூச்சிகளும் பின்னால் வருகின்றன, அதையும் சேருங்கள். 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி சிவப்புச் சாயம் எடுக்கலாம் என்று அமெரிக்கச் சாயப் பூச்சியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. கொண்டுவந்தது வேறு இனம், சாயம் சரிவரவில்லை. ஆனால் பரவிக் கிடந்த நாகதாளிக் கள்ளியை அது தின்று அழித்தது. நாகதாளியும் அமெரிக்காவினது. 1860 களில் அதே பூச்சியை இலங்கைக்கும் நாகதாளியைக் கட்டுப்படுத்த எடுத்து வந்தார்கள்.

அண்மைக் காலத்தில் 2008 இல் இலங்கைப் பப்பாசியில் வெள்ளை மாவு அப்பியது போல ஒரு பூச்சி படர்ந்தது. மெக்சிகோப் பக்கத்துப் பூச்சி. மருந்தடித்தும் தீரவில்லை. அதன் பிறப்பிடத்தில் அதைத் தின்று வாழும் சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டபிறகுதான் அடங்கியது. 2018 இல் சோளனுக்குப் படைப்புழு வந்தது, அதுவும் அமெரிக்காவினது. 500 ஆண்டுகளுக்கு முன்னர் ஏறிய கப்பல் இன்னும் இறக்கிக்கொண்டே இருக்கிறது.

துறைமுகத்தான்

எல்லாம் படித்தேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். போர்த்துக்கேயக் கப்பல் வராவிட்டால் இந்தப் பயிர்களில் எது வந்திருக்கும்? கடலில் உயிரைப் பணயம் வைத்தவர்கள் அவர்கள். கப்பலில் ஏறியவர்களில் எத்தனையோ பேர் நோயில் செத்தார்கள். கோயில்களை இடித்ததை நாங்கள் மறக்கவில்லை. அதற்காக அவர்கள் பெயரையே பலகையிலிருந்து எடுப்பது வரலாறா?

வரலாற்று ரீச்சர்

எடுக்கவில்லை, துறைமுகத்தான். பெயர் இருக்கும். ஆனால் "தந்தவை" என்ற சொல் இருக்காது. அவர்கள் வந்தது கறுவாவுக்கும் மிளகுக்கும் முத்துக்கும். மிளகாயை எங்களுக்குப் பரிசாகக் கொடுக்க யாரும் கடல் கடக்கவில்லை. சுமந்து வந்தவர் வேறு, உருவாக்கியவர் வேறு, இங்கே இறைத்து வளர்த்தவர் வேறு. மூன்று பேருக்கும் பலகையில் இடம் இருக்க வேண்டும்.

வலிகாமத் தோட்டக்காரர்

இது நியாயம். மெக்சிகோவில் எத்தனையோ தலைமுறை நல்ல காயைப் பார்த்துப் பார்த்து விதைக்கு எடுத்து வைத்தவனும் என்னைப்போல ஒரு தோட்டக்காரன்தான். அவன் பெயர் ஒருவருக்கும் தெரியாது. அவன் ஊரின் பெயராவது எழுதுங்கள்.

துறைமுகத்தான்

மூன்று பெயரும் இருந்தால் எனக்கு மறுப்பில்லை. நடுவில் கப்பல் இருக்கட்டும்.

அம்மம்மா சமையல்

மகள், மேசையின் நடுவில் ஒரு சட்டி ஒடியற்கூழ் வையுங்கள். எல்லாக் கண்டமும் அதற்குள் இருக்கிறது. ஒடியல் மா எங்கள் பனையினது. மரவள்ளிக்கிழங்கு அமேசான். செத்தல் மிளகாய் மெக்சிகோ. பழப்புளி ஆபிரிக்கா என்று மன்னார்ப் பிள்ளை சொல்லியிருக்கிறது. பலாக்கொட்டை, பயற்றங்காய், முருங்கையிலை, ஒரு பிடி அரிசி. நண்டும் இறாலும் மீனும் எங்கள் கடல். பழைய கூழுக்கு மிளகு இடித்துப் போட்டிருப்பார்கள். இரண்டு சட்டியாகக் காய்ச்சினால், ஒன்றில் மிளகு, மற்றதில் மிளகாய், மரவள்ளி. குடித்துப் பார்த்தே பிள்ளைகள் வித்தியாசம் கண்டுபிடிப்பார்கள். மிளகுக் கூழுக்கு மரவள்ளிக்குப் பதிலாக இராசவள்ளி போடலாம், ஆனால் கொஞ்சம் இனிக்கும். கருணைக்கிழங்கு போட்டால் புளி கூட விட வேண்டும், இல்லாவிட்டால் நாக்குக் கடிக்கும்.

வரலாற்று ரீச்சர்

இரண்டு சட்டி என்பது முடிவு. பிள்ளைகள் துள்ளுகிறார்கள். நேற்று வகுப்பில் உட்கார்ந்து மிளகாய்க்கான பலகையை அவர்களே எழுதினார்கள். அப்படியே இங்கே போடுகிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள்:

"மிளகாய். மெக்சிகோ மக்கள் 6000 ஆண்டுகளுக்கு மேலாகப் பயிரிட்டு உருவாக்கியது. 16 ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயக் கப்பல்கள் இந்தியக் கரைக்குச் சுமந்து வந்தன. வலிகாமத்துச் செம்மண்ணில் கிணற்று நீர் இறைத்து எங்கள் தோட்டக்காரர்கள் வளர்த்தார்கள். இது வருமுன் எங்கள் உறைப்பு மிளகும் திப்பிலியும் இஞ்சியும்."

புதிய தலைப்பு: "யார் உருவாக்கினார், யார் சுமந்தார், யார் வளர்த்தார்". மரவள்ளிக்கும் கச்சானுக்கும் இதே முறையில் இன்று எழுதுகிறார்கள். கச்சானுக்கு நல்லூர்த் திருவிழாக் கடையின் படம் ஒன்று வேண்டும், யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். புகையிலைக்கு மட்டும் நோய் பற்றிய நாலாவது வரி ஒன்று சேரும்.

பயிரியல் மாணவன்

பலகையில் பிழை இல்லை, ரீச்சர். கச்சானுக்குப் பிறப்பிடம் பொலிவியாவின் தெற்கும் ஆர்ஜென்டீனாவின் வடக்கும் என்று எழுதச் சொல்லுங்கள். உருளைக்கிழங்குக்குப் பெருவின் அந்தீஸ் மலை, தித்திகாகா ஏரிப் பக்கம்.

வலிகாமத் தோட்டக்காரர்

புகையிலை இலையும் மரவள்ளித் தடியும் நான் கொண்டுவந்து தருகிறேன், பிள்ளை. பழைய துலாப் பட்டை ஒன்றும் வீட்டில் கிடக்கிறது, ஓலை உக்கிப்போய்விட்டது, புதிதாக இழைத்துத் தர ஆள் பார்க்கிறேன். கண்காட்சிக்கு முதல் நாள் எத்தனை மணிக்குப் பள்ளிக்கூடம் திறந்திருக்கும் என்று சொல்லுங்கள்.